தாழிப்பிள்ளையின் பால்பல்

முள்ளிவிளையில் மூவாயிரம் வருஷத்துப் பிள்ளை ஒன்றுக்குப் பல் ஆடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடையில் பாமாயில் வந்த அன்று. அதனால்தான் ஊரில் பாதிப் பேருக்கு மத்தியானம் வரை சேதி தெரியவில்லை, தெரிந்த மீதிப் பேரும் பையை வரிசையில் வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்து, "ஆமா, ஆடத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசைக்கே போய்விட்டார்கள்.

அந்தப் பிள்ளையிடம் இருந்தது கீழ்த்தாடை மட்டும்தான். ஊருக்குக் கிழக்கே, தேரி என்று நாங்கள் சொல்லும் சிவப்பு மணல்மேட்டைத் தோண்டியபோது ஒரு முதுமக்கள் தாழிக்குள் குறுகி உட்கார்ந்த வாக்கில் கிடைத்த எலும்பெல்லாம் தொட்டதும் மாவாகிப் போக, தாடை மட்டும் பன்னிரண்டு பல்லோடு கெட்டியாக நின்றது. அதைப் பஞ்சு வைத்த கண்ணாடிப் பெட்டியில் கிடத்தி, தோண்டும் இடத்துக் கொட்டகை மழைக்கு ஒழுகியதால், ஊரில் ஃபேனும் பூட்டுள்ள பீரோவும் இருக்கிற ஒரே பொதுக் கட்டடமான அங்கன்வாடியில் கொண்டுவந்து வைத்திருந்தாள் ஆவுடைத்தங்கம் அக்கா. பிள்ளைகளுக்குக் கிழக்குப் பாதி, அவளுக்கு மேற்குப் பாதி; நடுவில் ஒரு பாய்.

ஆவுடையக்கா சங்கரன்கோவில் பக்கத்து டிராக்டர் டிரைவரின் மகள். மனுஷ இனம் எங்கிருந்து நடந்து வந்தது, எதைத் தின்றது, எதற்குப் பயந்தது, எப்படிப் பிள்ளை வளர்த்தது என்பதையெல்லாம் எலும்பிலும் பல்லிலும் வாசிக்கிறதுதான் அவள் படிப்பு, அவள் உத்தியோகம். அதற்கு உயிரியல் மானிடவியல் என்று பெயர் சொன்னாள். எங்கள் காதில் 'பல்' மட்டும் விழுந்ததால் பல் டாக்டர் வந்திருக்கிறாள் என்று முதல் வாரமே பதினான்கு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவளும் முகம் சுளிக்காமல் ஒவ்வொருவர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்து, "சின்ன வயசுல என்ன சாப்பிட்டீங்க? எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, ஆளுக்கொரு கிராம்பு கொடுத்து அனுப்பினாள். கிராம்புக்கு வலி கேட்டது. பல் டாக்டர் என்ற பெயரும் நின்றுவிட்டது.

அவளுக்கு எட்டு மாதத்தில் ஆதிரை என்று ஒரு பெண்பிள்ளை. மெட்ராசில் அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவர், நாங்கள் பெரிய சார் என்று சொல்லும் வைத்தியலிங்கம், அவள் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படிம்மா எலும்பை எண்ணுவீங்க?" அவள், "ஒரு கையாலதான் சார் எண்ணப் போறேன், இன்னொரு கை சும்மாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையையும் ஒரு மைக்ராஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள்.

இனி அவளுக்கு இருந்த சிக்கலைச் சொல்கிறேன். சொன்னால்தான் மற்றது விளங்கும். அந்தத் தாழிக்குப் பக்கத்துத் தாழியில் ஒரு பெண்ணின் எலும்பு இருந்தது. சோதனை செய்து பார்த்ததில் அவள்தான் இந்தப் பிள்ளையின் தாய் என்று வந்தது. பிள்ளை பெற்றுச் சில நாளிலேயே அவள் போய்விட்டாள் என்று இடுப்பெலும்பு சொன்னது. பிள்ளையோ ஒன்பது, பத்து வயசு வரைக்கும் இருந்திருக்கிறது. அப்படியானால் தாயில்லாத பச்சைப்பிள்ளையை யார் வளர்த்தது, என்ன கொடுத்து வளர்த்தது? ஆட்டுப்பாலோ கஞ்சித் தண்ணியோ கொடுத்துத் தகப்பன் எப்படியோ பிழைக்கவைத்திருப்பான் என்றார் பெரிய சார். இல்லை, ஊர்ப் பெண்கள் மாற்றி மாற்றிப் பால் கொடுத்துத்தான் அது பிழைத்தது என்றாள் ஆவுடையக்கா. மனுஷ இனம் இத்தனை பஞ்சத்தையும் பனியையும் தாண்டி வந்ததற்குக் கல்லாயுதமும் ஈட்டியும் மட்டும் காரணமில்லை, ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி வாங்கி இடுப்பில் வைத்ததும் காரணம் என்று அவள் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிரூபிக்க ஒரு பால்பல் போதும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வயசு வரை என்ன குடித்தது என்பதைக் கடைவாய்ப் பால்பல் நாள் நாளாகக் கோடு போட்டு வைத்திருக்குமாம். ஆனால் தாடையில் நிற்கிற பல்லைத் தொடக்கூடாது, அரசாங்கச் சொத்து. உதிர்ந்த பல் என்றால் அறுத்துப் பார்க்கலாம். உதிர்ந்த பல் எதுவும் தாழியில் இல்லை. பெரிய சார் கடிதம் போட்டிருந்தார்: வரும் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி குழுவோடு வருவேன், கையில் சாட்சி இல்லையென்றால் தோண்டும் வேலை நிற்கும், தாடை மெட்ராஸ் சேமிப்புக் கிட்டங்கிக்குப் போகும், உங்கள் உத்தியோகமும் அன்றோடு முடியும்.

இந்த நிலைமையில்தான் பல் ஆடியது.

முதலில் பார்த்தது அங்கன்வாடி டீச்சர் தங்கபுஷ்பம். தூசி தட்டும்போது பெட்டிக்குள்ளே கடைவாயில் ஒரு பல் லேசாக அசைந்ததாம். "மேடம், உங்க பிள்ளைக்குப் பல்லு ஆடுது" என்றாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. ஆவுடையக்கா லென்சை வைத்துப் பார்த்தாள், ஊசி முனையால் தொட்டுப் பார்த்தாள், நோட்டை எடுத்து 'கீழ் இடது கடைவாய்ப் பால்பல் ஆடுகிறது' என்று எழுதினாள், அதன் கீழே 'ஆடக்கூடாது' என்று எழுதினாள், லென்சில் மறுபடி பார்த்துவிட்டு இரண்டாவது வரியை அடித்துவிட்டாள்.

"பத்து வயசு ஆயிட்டுல்லா, ஆடத்தானே செய்யும்" என்றேன் நான். மடியில் என் இரண்டாவது மகன் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"இது செத்து மூவாயிரம் வருஷம் ஆகுது பேச்சிக்கனி."

"அதுக்கு? பிள்ளைங்க மத்தியில கொண்டுவந்து வச்சிருக்கிய. பிள்ளைங்க சத்தம் கேட்டா பிள்ளை வளரத்தானே செய்யும்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஊர் அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொண்ட விதம் இருக்கிறதே, அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை. மழைத்தண்ணி குளத்துக்குப் போகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது. தாடையை வைத்து ஆணா பெண்ணா சொல்ல முடியாது என்று ஆவுடையக்கா சொன்னதால் பொதுவாகத் தாழிப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். அதன் முன்னால் முறுக்கு தின்னக்கூடாது, ஆடுகிற பல்லோடு பார்த்து ஏங்கிப்போகும் என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டோம். தினம் ஒருத்தி வெதுவெதுப்பாக உப்புத்தண்ணி கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். எந்தத் தெருப் பிள்ளையாக இருக்கும் என்று டீக்கடையில் ஆண்கள் வழக்கை ஆரம்பித்து, மேலத்தெருவும் கீழத்தெருவும் எங்கள் பிள்ளை, எங்கள் பிள்ளை என்று முறுக்கிக்கொண்டு அங்கன்வாடி வாசலுக்கே வந்தபோது, ஆவுடையக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல், "இந்தப் பிள்ளை உசிரோட இருக்கும்போது தெருவே கிடையாது. போய் வேலையைப் பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தார்கள்.

அந்த வாரம் சோதனைக்கு வந்த மேற்பார்வையாளர் அம்மா தலையை எண்ணிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பதினெட்டுப் பிள்ளை, பத்தொன்பது முட்டை. இந்த ஒரு முட்டை யாருக்கு?" என்று கேட்டார். தங்கபுஷ்பம் டீச்சர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "புதுசா வந்த பிள்ளைக்கு" என்று பெட்டியைக் காட்டினாள். மேற்பார்வையாளர் அம்மா குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், "எடை போட்டீங்களா?" என்றார். போட்டோம். நாற்பத்திரண்டு கிராம். பதிவேட்டில் 'கடுமையான எடைக்குறைவு' என்று சிவப்பு மையால் எழுதி, மாதம் இரண்டு பாக்கெட் சத்துமாவு கூடுதலாக ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பிள்ளைக்கு உடம்பு தேறணும் டீச்சர், கவனிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை, பல் விழுந்தால் அறுப்பதற்கு ஒரு கையெழுத்து முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டுமென்று ஆவுடையக்கா திருநெல்வேலிக்குப் போனாள். ஆதிரையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போய்விட்டார், வந்ததும் மீட்டிங் போய்விட்டார். இங்கே அவள் வைத்துவிட்டுப் போன புட்டிப்பால் தீர்ந்து, ஆதிரை வீல் வீலென்று கத்தத் தொடங்கியது. நான் என்ன செய்ய? என் மகனை ஒரு பக்கம் போட்டேன், அதை இன்னொரு பக்கம் போட்டேன். இரண்டும் ஒன்றையொன்று காலால் உதைத்துக்கொண்டே குடித்துத் தூங்கிப்போயின.

அந்த அமைதியில்தான் கேட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.

பல் பஞ்சில் கிடந்தது. பழுப்பு நிறம், சின்னப் புளியங்கொட்டை மாதிரி.

அங்கே நாங்கள் ஆறு பொம்பளைகள் இருந்தோம். ஆறு பேரில் ஒருத்திக்காவது, இது ஆவுடையக்காவின் ஏழு வருஷம், இது அவள் உத்தியோகம், எடுத்துப் பத்திரமாகப் பீரோவில் வை என்று தோன்றியதா என்றால், தோன்றவில்லை. பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் என்ன செய்வோமோ அதுதான் ஆறு பேருக்கும் தோன்றியது. கன்னுக்குட்டிச் சாணி எடுத்துவர ஒருத்தி ஓடினாள். நான் பல்லைச் சாணிக்குள் வைத்து உருட்டினேன். அங்கன்வாடிக்கு மேலே சிமெண்டுத் தளம், தளத்தில் எறிந்தால் பல் முளைக்காது, ஓட்டுக் கூரைதான் வேண்டும் என்று தங்கபுஷ்பம் டீச்சரே எடுத்துக் கொடுத்தாள். நான் கிழக்கே பார்த்து நின்று, "கூரையே கூரையே, கோணப் பல்லை நீ எடுத்துக்கோ, முத்துப் பல்லை எம் பிள்ளைக்குக் குடு" என்று மூன்று தரம் சொல்லிப் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் எறிந்தேன். நல்ல எறி. உச்சியில் போய் உட்கார்ந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

நாலு மணி பஸ்ஸில் ஆவுடையக்கா கையெழுத்தோடு இறங்கி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பல் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள்.

"பல் எங்கே?"

"விழுந்துட்டுக்கா! முறையா எல்லாம் செஞ்சாச்சு. கூரையில போட்டாச்சு" என்றேன், பாராட்டுவாள் என்று.

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆதிரையை வாங்கி அதன் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அந்தப் பல்லுக்குத்தான் பேச்சி நான் இங்கே கிடந்தேன்" என்றாள்.

"எறிஞ்சவ நான். நானே எடுத்துத் தாரேன்" என்று ஏணியைத் தேடி ஓடினேன். ஆனால் கூரை உச்சியில் சாணி உருண்டை இல்லை, மயில் நின்றது. எங்கள் ஊரில் கோழியை விட மயில் அதிகம். சாணியில் ஒட்டியிருந்த தானியத்துக்காக உருண்டையைக் கொத்தி எடுத்துக்கொண்டு அது அடுத்த கூரைக்குத் தாவி, அதற்கடுத்த கூரைக்குப் பறந்து, மேலத்தெரு முழுக்க நடந்து, கீழத்தெருவுக்கு இறங்கி, எங்கே உருண்டையை உடைத்தது, எங்கே பல்லைத் துப்பியது என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள். ஊரில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வீடு.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓடு மாற்றுகிற சுடலைமணி அண்ணாச்சி முதல் கூரையில் ஏறினார். "மேலாப்புல பார்த்தா ஆகாது. பல்லு ஓட்டு இடுக்குல இறங்கிப் போயிரும். ஒவ்வொரு ஓடா கழட்டணும்" என்றார். கழற்றினார். கீழே நாங்கள் நாலு பேர் நாலு முனையைப் பிடித்துப் பழைய சேலையை விரித்து நின்றோம். முதல் ஓட்டை அவர் நிமிர்த்தியதும் சேலையில் மழை விழுகிற மாதிரி படபடவென்று விழுந்தது என்னவென்று பார்த்தால், பல். ஒன்றில்லை, இரண்டில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும் பதினேழு.

எங்களுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது விளங்க. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளெல்லாம் நாற்பது ஐம்பது வருஷமாக எறிந்த பல். சாணி மழையில் கரைந்து போக, பல் மட்டும் ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"இதுல அது இல்லக்கா" என்று நான் சேலையை உதறப் போனேன்.

"உதறாதே!" என்று ஆவுடையக்கா கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முட்டி போட்டு உட்கார்ந்து சேலையையே பார்த்தாள். "பேச்சி, இது யார் யார் பல்லு?"

"யார் பல்லுன்னா? இந்த வீட்டுப் பிள்ளைங்க பல்லு."

"எது யாருதுன்னு சொல்ல முடியுமா?"

அந்த வீட்டுக்காரி, எனக்குப் பெரியம்மா முறையாகும் பொன்னுத்தாய் பெரியம்மை, அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அதென்ன கேள்வி? நான் பெத்த பிள்ளை பல்லு எனக்குத் தெரியாதா?" வந்து உட்கார்ந்தாள், எடுத்தாள், அடுக்கினாள். "இது மூத்தவன், கருப்பட்டி தின்னே பல்லைக் கறுப்பாக்கினான். இது நடுவுலவ, பம்புசெட்டுத் தொட்டியில விழுந்து முனை உடைஞ்சது. இது கடைக்குட்டி, இவனுக்கு நான் பாலே குடுக்கல தாயி, எனக்கு மஞ்சக்காமாலை. எதுத்த வீட்டு லெட்சுமிக்கனிதான் ஆறு மாசம் குடுத்தா."

ஆவுடையக்காவின் பேனா நின்றுபோனது. "பெரியம்மை, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அப்புறம் அந்த மூன்று நாளை நான் எப்படிச் சொல்ல? முள்ளிவிளை முழுக்க ஓடு கழற்றி ஓடு மாட்டினோம், சேலை விரித்துச் சேலை மடக்கினோம், முறத்தில் புடைத்தோம், சல்லடையில் சலித்தோம், அங்கன்வாடி முட்டை அட்டைகளில் குழிக்கு ஒரு பல்லாக வைத்துப் பக்கத்தில் எந்த வீட்டுக் கூரை என்று எழுதினோம். பஞ்சாயத்துத் தலைவரின் பல்லை அவர் அம்மா கண்டுபிடித்து, "இப்ப மைக்குல பேசுதானே, அன்னிக்கு இந்தப் பல்லு விழ நாலு நாள் அழுதான்" என்று ஊர் கேட்கச் சொன்னாள். ஒரே பல்லுக்கு இரண்டு நாத்தனார்கள் சண்டை போட்டுக் கடைசியில் அது ஆட்டுப்பல் என்று தெரிந்தது. பல்லை எடுத்த கையோடு கதையும் வந்தது: யாருக்குப் பால் வற்றியது, யார் யாருக்குக் கொடுத்தது, பேசாமல் இருந்த வீட்டுக்கும் கொடுத்தது, பகல் முழுக்க வாய்ச்சண்டை போட்டுவிட்டுப் பிள்ளை அழுதால் வேலி தாண்டிப் போய்க் கொடுத்தது. எங்கள் வீட்டுக் கூரையில் என் பல்லும் விழுந்தது. "உனக்கு ரெண்டு மாசத்துல எனக்கு டைபாய்டு காய்ச்சல்" என்றாள் என் அம்மா. "தங்கபுஷ்பம் டீச்சரோட அம்மாவும் இன்னும் நாலு பேரும் முறை போட்டுக் குடுத்தாங்க. ஏட்டி, நான் உங்கிட்ட சொல்லலியா?" சொல்லவில்லை. பெரிய விஷயமாகத் தோன்றினால்தானே சொல்வதற்கு.

ஆவுடையக்கா எழுதினாள், எழுதினாள், நோட்டு தீர்ந்து அங்கன்வாடி வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்திலும் எழுதினாள். "உலகத்துல எங்கேயும் இப்படி ஒண்ணு கிடையாது பேச்சி" என்றாள். "எந்தப் பிள்ளை எத்தனை நாள் யார் பால் குடிச்சதுன்னு சொல்ல ஆளும் இருக்கு, பக்கத்துலயே பல்லும் இருக்கு."

"அப்ப அந்தப் பல்லு கிடைக்காட்டியும் பரவாயில்லையா?"

"அது கிடைக்காட்டி இதெல்லாம் யாருக்காக?" என்றாள்.

வியாழன் சாயங்காலம் நூற்றுப் பன்னிரண்டாவது கூரையை மூடினோம். மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தொரு பல். பழையது, புதியது, கறுப்பு, பழுப்பு என்று எல்லாம் கலந்து கிடந்ததில் எது தாழிப்பிள்ளையினுடையது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. தெருவோடு பாய் விரித்து அட்டைகளை வரிசையாக வைத்தோம். வெள்ளி காலை ஊரே வந்தது. தாய் இருந்தவர்களுக்குத் தாய் வந்தாள், தாய் இல்லாதவர்களுக்கு அக்காவோ அத்தையோ வந்தாள். ஒவ்வொருத்தியும் குனிந்து, விரலால் தொட்டு, "இது எம் பிள்ளை", "இது எந்தம்பி" என்று சொல்லச் சொல்ல ஆவுடையக்கா பெயரை எழுதி நேரே ஒரு டிக் போட்டாள். ஐந்நூற்று நாற்பது டிக் விழுந்தது.

ஒரு பல் மிஞ்சியது. யாரும் அதைத் தன் பிள்ளையினுடையது என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய சாரின் கார் வந்து நின்றது. கூட இரண்டு பேர். தெருவில் முட்டை அட்டையும் பல்லும் நூறு பொம்பளைகளும் இருப்பதைப் பார்த்து, "என்னம்மா இது, சந்தையா?" என்றார்.

ஆவுடையக்கா ஆதிரையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மிஞ்சிய பல்லை இன்னொரு கையில் எடுத்துக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். தாடையில் பல் ஆடியதற்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாடையில் புதுப் பள்ளம் இருந்தது, பழைய புகைப்படத்தில் பல் இருந்தது, அவருக்கு அது போதும். கூரைக்குத்தான் கோபப்பட்டார்.

"இத்தனை பல்லுல இதுதான் அதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"மத்த எல்லாப் பல்லுக்கும் ஆள் இருக்கு சார். இதுக்குத்தான் யாரும் இல்லை."

"இது சாட்சியாம்மா? நாளைக்கு நாலு பேர் கேட்டா, தாயில்லாத பல்லுன்னு சொல்வீங்களா?"

பொன்னுத்தாய் பெரியம்மைக்குப் பொறுக்கவில்லை. "யாரு தாயில்லாத பல்லுன்னது?" என்று முன்னால் வந்தாள். "அது எம் பிள்ளை பல்லுதான்."

"எம் பிள்ளை" என்றாள் தங்கபுஷ்பம் டீச்சர்.

"எம் பிள்ளை சார். எறிஞ்சதே நான்தான்" என்றேன் நான். அப்புறம் தெரு முழுக்க, மேலத்தெருக்காரியும் கீழத்தெருக்காரியும், பேசுகிறவளும் பேசாதவளும், எம் பிள்ளை, எம் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பெரிய சார் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்துக் கடைசியில் காரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

சத்தம் அடங்கியதும் ஆவுடையக்கா சொன்னாள்: "இது உங்களுக்குச் சாட்சி இல்லைன்னா, உள்ளே இன்னொண்ணு இருக்கு. வாங்க." தாடையின் வலது பக்கத்தில் அதே கடைவாய்ப் பால்பல் இன்னும் நின்றது. மணல் கலந்த தானியம் தின்று வலது பல்லில் தேய்ந்த ஒவ்வொரு பள்ளமும் கோடும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, இந்த இடது பல்லிலும் இருந்தது. பெரிய சார் லென்சில் கண்ணை வைத்துப் பத்து நிமிஷம் எடுக்கவில்லை. அவர் நிமிர்ந்தபோது தங்கபுஷ்பம் டீச்சர் நீட்டிய சத்துமாவு உருண்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"அறுங்க" என்றார். "நானும் கூட இருக்கேன்."

பல் ஆவுடையக்காவோடு மெட்ராசுக்குப் போனது, கூடவே எங்கள் ஐந்நூற்று நாற்பதும் எங்கள் பெயரோடு போயின. நாற்பது நாள் ஆயிற்று. ஒரு காலையில் அங்கன்வாடி ஃபோன் அடித்தது. தங்கபுஷ்பம் டீச்சர் ஸ்பீக்கரில் போட்டாள். பிள்ளைகளைக்கூட வாயைப் பொத்தச் சொன்னோம்.

"பேச்சி, இருக்கியா?" என்றது ஆவுடையக்காவின் குரல். "பிறந்த அன்னிக்கு ஒரு கோடு இருக்கு. அதிலேருந்து பதினெட்டு நாள் ஒரே தாயோட பால். பத்தொன்பதாம் நாள் ஒரு கறுப்புக் கோடு."

அது பக்கத்துத் தாழியில் இருந்த தாய் போன நாள் என்று எங்களுக்கு விளங்கியது.

"இருபதாம் நாள்?" என்றேன்.

"பால்."

"இருபத்தொண்ணு?"

"பால் பேச்சி. வருஷம் முழுக்கப் பால். ஒரு நாள்கூட விடல. உப்புக் கிணத்துத் தண்ணி குடிச்சவ பால், குளத்துத் தண்ணி குடிச்சவ பால், ஆத்துத் தண்ணி குடிச்சவ பால்னு கோடு மாறி மாறிப் போகுது. எண்ணிட்டோம், ஒன்பது பேர். பக்கத்துல உன் பல்லை வச்சுப் பார்த்தா அதே மாதிரி இருக்கு. எது உன்னுது, எது மூவாயிரம் வருஷத்துதுன்னு பெரிய சாருக்கே தெரியல. ரெண்டு தடவை தப்பாச் சொன்னார்."

அன்று நாங்கள் அழுதோமா சிரித்தோமா என்று கேட்டால், பொன்னுத்தாய் பெரியம்மை குலவை போட்டாள் என்பதுதான் எனக்கு ஞாபகம்.

ஆவுடையக்கா அதைக் கட்டுரையாக எழுதினாள், அது கடல் தாண்டிப் போயிற்று, இன்று அவள் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய சாருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்; அதே நாற்காலிக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு தொட்டில் போட்டிருக்கிறாள். கட்டுரையை எழுதியவர்கள் என்ற இடத்தில் அவள் பெயருக்குக் கீழே எங்கள் ஊர்ப் பெண்கள் நூற்று நான்கு பேரின் பெயர் இருக்கிறது. அத்தனை பெயரைப் போட இடமில்லை என்று அச்சிட்டவர்கள் சொன்னார்களாம். "என் பெயரை எடுத்துவிட்டு இவர்கள் பெயரைப் போடுங்கள்" என்று ஆவுடையக்கா சொன்னாளாம். இடம் வந்துவிட்டது.

தாடை எங்கள் அங்கன்வாடியில்தான் இருக்கிறது. அந்த ஃபோன் வந்த மறுவாரம் ஆவுடையக்கா மெட்ராசிலிருந்து திரும்பி வந்த அன்று, ஆதிரையைப் பஸ் படியிலேயே நான் வாங்கிக்கொள்ள, தங்கபுஷ்பம் டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பிள்ளைக்குப் பல்லு முளைச்சுட்டு!"

போய்ப் பார்த்தோம். இடது கடைவாய்ப் பள்ளத்தில், அரிசி நுனி அளவுக்கு, வெள்ளையாக ஒரு முனை.

ஆவுடையக்கா நோட்டை எடுக்கவில்லை. "பல்லு முளைச்சா இங்கே என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"என்ன செய்வோம்? பல்லுக் கொழுக்கட்டைதான்" என்று நான் மாவைப் பிசைய உட்கார்ந்தேன். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போதுகிற மாதிரி அண்டாவில் அவித்து, பெட்டியைத் திறந்து, வழக்கப்படி பிள்ளையின் மேலே ஒரு கை கொழுக்கட்டையை மெல்லச் சரித்தோம். உருண்டு விழுந்ததை எடுத்துத் தின்னப் பதினெட்டுப் பிள்ளைகளும் பாய்ந்தன. கழுவத் தட்டை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்: பெட்டிக்குள் பஞ்சின் மேல் கிடந்த கடைசிக் கொழுக்கட்டையில், ஓரமாக, புதுப் பல் பதிந்த ஒரு சின்னக் கடி இருந்தது.